லாசரஸின் தாளில் இருந்த ‘பி’

1

ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதோ ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதோ உதிக்கவும் இல்லை. அலுவலகத்துக்கு வந்த ஒரு புகார் மின்னஞ்சலிலிருந்து வந்தது. அந்தப் புகார் என்னைப் பற்றியது. அனுப்பியவருக்கு மட்டும் அது தெரியாது.

ஆரம்பத்தை மூன்று முறை எழுதிப் பார்த்தேன். கிழித்துப் போடவில்லை, இங்கேயே கிடக்கட்டும்.

முதல் முயற்சி: பம்மலில் லாசரஸ் என்று ஒருவர் இருந்தார், அவர் ஒரு ஏணி —

[‘என்று ஒருவர்’ என்று எழுதியதுமே அவர் கற்பனை ஆள் ஆகிவிடுகிறார். அவர் கற்பனை இல்லை. விட்டுவிட்டேன்.]

இரண்டாம் முயற்சி: ஒரே ஒரு எழுத்து ஒரு மனிதரின் வாழ்க்கையை —

[சினிமா விளம்பரம் மாதிரி இருக்கிறது. எனக்கே சகிக்கவில்லை.]

மூன்றாம் முயற்சி: என் ஊழியர் எண் 117.

இது சரியாக வருகிறது. இதிலிருந்தே போவோம்.

2

நான் வேலை பார்க்கும் இடம் தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. காப்புரிமை ஆவணங்களைத் தேடித் தரும் ஓர் இணையதளத்தை நாங்கள் நடத்துகிறோம். பல நாட்டு அலுவலகங்கள் வெளியிடும் ஆவணங்கள் கட்டுக்கட்டாக எங்கள் திரைக்கு வரும். ஒவ்வொன்றையும் திறந்து, இது எந்த வகை ஆவணம் என்று பார்த்து, அதற்குரிய எழுத்தை ஒட்டவேண்டும். பதினெட்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால் ஐ.டி. என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

எழுத்துகள் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். இந்தக் கதைக்கு இரண்டு போதும். ‘ஏ’ என்றால் விண்ணப்பம் வெளியாகியிருக்கிறது. ‘நான் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன்’ என்று ஒருவர் சொல்கிறார். அது உண்மையா, புதிதா என்று இன்னும் யாரும் சோதிக்கவில்லை. ‘பி’ என்றால் சோதித்தாகிவிட்டது, காப்புரிமை கொடுத்தாகிவிட்டது.

ஏ தானாக பி ஆகாது. ‘என் விண்ணப்பத்தைச் சோதித்துப் பாருங்கள்’ என்று விண்ணப்பித்தவரே தனியாகக் கேட்கவேண்டும். லாசரஸ் விண்ணப்பித்த காலத்தில் அதற்கு நான்கு வருஷம் கெடு. அதற்குள் கேட்காவிட்டால், அவரே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

[ஒரு குறிப்பு. சில நாடுகளில் ‘ஏ-8’ என்றும் ஒரு வகை உண்டு. முன்பு வெளியிட்ட ஆவணத்தின் முதல் பக்கத்தில் தவறு இருந்தது, திருத்தி மறுபடி வெளியிடுகிறோம் என்று அர்த்தம். தவறு செய்தோம் என்று ஊரறியச் சொல்வதற்கென்றே ஓர் எண் வைத்திருக்கிறார்கள். இந்த வேலைக்கு வந்த புதிதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.]

இன்னும் ஒன்றைச் சொன்னால் தொழில் பாடம் முடிந்தது. ஒரே வகை ஆவணங்கள் ஐம்பது அறுபது சேர்ந்து வரும். அதனால் எங்கள் திரையில் ஒரு வசதி செய்து வைத்திருந்தார்கள். முந்தைய ஆவணத்துக்குப் போட்ட எழுத்து அடுத்த ஆவணத்தின் கட்டத்திலும் தானாக வந்து நிற்கும். சரியாக இருந்தால் என்டர் தட்டலாம். தவறாக இருந்தால் மாற்றவேண்டும். மாற்ற மறந்து என்டர் தட்டினால் பழைய எழுத்தே ஒட்டிக்கொள்ளும். இருபதில் ஒன்றை மட்டும் இன்னொருவர் சரிபார்ப்பார்.

மீதிப் பத்தொன்பதை யார் பார்ப்பார்கள் என்று கேட்காதீர்கள்.

3

இப்போது லாசரஸ்.

பம்மலில் அவருக்குச் சின்னதாக ஒரு லேத் பட்டறை இருந்தது. அவருடைய சிநேகிதர் சிட்டிபாபு ஒரு தோல் பதனிடும் கூடத்தின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கி, உள்ளே இருந்த வாயுவில் மூச்சு முட்டிச் செத்துப்போனார். அவரைத் தூக்க இறங்கிய இன்னொருவரும் செத்துப்போனார். தொட்டிக்குள் மனிதரை இறக்கக் கூடாது என்பது இறக்குகிறவர்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே இறக்குகிறார்கள்.

அதற்குப் பிறகு லாசரஸ் இரண்டு வருஷம் ஒரு ஏணி செய்தார். தொட்டியின் மூடியோடு சேர்ந்த ஏணி. மூடியைத் திறந்த உடனே இறங்க முடியாது, ஏணி பூட்டியிருக்கும். மூடியிலேயே பொருத்தியிருக்கும் ஊதுவிசிறி கால் மணி நேரம் உள்ளே காற்றடித்த பிறகுதான் பூட்டு விடும், ஏணி கீழே நீளும். அவசரப்படுகிறவனைக் கால் மணி நேரம் நிறுத்திவைக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் எண்ணம். விண்ணப்பத்தில் அதற்கு நான்கு வரியில் ஒரு தலைப்பு இருக்கிறது. பட்டறையில் அவர் அதைச் ‘சிட்டிபாபு ஏணி’ என்றுதான் சொல்வாராம்.

எழுதுகிறவளாக எனக்கு இந்த ஆளிடம் ஒரு பிரச்சினை இருக்கிறது. ரொம்ப நல்லவராக இருக்கிறார். வாசகர்கள் நம்பமாட்டார்கள். ஒரு குறையாவது வேண்டுமே என்று தேடினேன். பிறகு அவர் மனைவியே ஒன்றைக் கொடுத்தார்: வீம்பு. ஒரு விஷயம் தனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டால் யார் சொன்னாலும் கேட்கமாட்டாராம்.

2018 ஜனவரியில் விண்ணப்பித்தார். எழுதிக் கொடுத்தது மகள் எப்சியின் சிநேகிதி ஜோவிதா, சட்டம் படித்தவள். ஒன்றரை வருஷம் கழித்து விண்ணப்பம் வெளியானது. எங்கள் தளத்தில் அதற்கு ‘பி’ என்று போட்டிருந்தது. பக்கத்திலேயே பச்சை எழுத்தில் ‘வழங்கப்பட்டது’ என்றும் இருந்தது. லாசரஸ் அந்தப் பக்கத்தை பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து, லேமினேட் செய்து, வீட்டு ஹாலில் மாட்டினார். சர்ச்சில் ஸ்தோத்திர காணிக்கை வைத்தார்கள். பட்டறைக்காரர்கள் சங்கத்தில் அவர் படம் போட்டு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டினார்கள்.

கெடு முடிய மூன்று மாதம் இருக்கும்போது ஜோவிதா ஃபோன் செய்து, “அங்கிள், எக்ஸாமினேஷனுக்கு ஒரு ஃபார்ம் போடணும்” என்று நினைவுபடுத்தினாள். “அதெல்லாம் வந்துட்ச்சும்மா. நெட்லயே போட்டுட்டான். ஹால்ல மாட்டி வெச்சிக்கீறேன், வந்து பாரு” என்று சொல்லி வைத்துவிட்டார்.

2022 ஜனவரியோடு கெடு முடிந்தது. அவருடைய விண்ணப்பத்தை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டதாக ஆகிவிட்டது.

4

இந்தப் பகுதியைத்தான் அதிகமாகத் திருத்தினேன்.

எங்கள் கணினியில் ஒவ்வொரு என்டருக்கும் கணக்கு உண்டு. யார், எந்தத் தேதி, எத்தனை மணி. லாசரஸின் ஆவணத்துக்கு ‘பி’ ஒட்டப்பட்டது 2019 ஆகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு இருபது. ஒட்டியவர் 117.

அன்றைக்கு எனக்கு என்ன நடந்தது? கதைக்கு ஒரு காரணம் வேண்டும். இப்படி எழுதினேன்:

அன்று காலைதான் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். கண்ணீரில் திரை மங்கலாக —

[பொய். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தது அதற்கு மறு வருஷம்.]

அன்று மேலதிகாரி கஸ்தூரிரங்கன் எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டியிருந்தார் —

[அவர் யாரையும் திட்டமாட்டார். அதுதான் அவரிடம் பயமே.]

பழைய டைரி, ஃபோனில் இருந்த படங்கள், அலுவலக வாட்ஸாப் குழு எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்தேன். அந்த செவ்வாய்க்கிழமை ஒன்றுமே நடக்கவில்லை. நான்கு மணிக்கு யாரோ கீழேயிருந்து வெஜ் பஃப்ஸ் வாங்கி வந்திருக்கிறார்கள். குழுவில் படம் இருக்கிறது. என் கையிலும் ஒன்று இருக்கிறது, சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கையில் பஃப்ஸ், இன்னொரு கையால் என்டர். அதற்கு முந்தைய ஆவணம் ஒரு பி. அடுத்தது லாசரஸ்.

துக்கத்தில் செய்த தவறாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நான் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறேன்.

5

போன ஜூனில் எப்சியின் மின்னஞ்சல் வந்தது. மரியாதையான ஆங்கிலம். என் அப்பாவின் விண்ணப்பத்துக்கு உங்கள் தளத்தில் பி என்று இருக்கிறது, அரசாங்கத் தளத்தில் திரும்பப் பெறப்பட்டது என்று இருக்கிறது, எது சரி? உங்கள் தளத்தில் இருப்பது தவறு என்றால், எந்தத் தேதியிலிருந்து அப்படி இருந்தது என்று எழுத்தில் தர முடியுமா? அப்பா இப்போது இல்லை.

பிழைகள் சம்பந்தப்பட்ட மின்னஞ்சல்கள் முறை வைத்து எங்களுக்குள் பிரியும். அன்று என் முறை. கணக்கைத் திறந்தேன்: 117. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு, நேராகக் கஸ்தூரிரங்கன் சாரிடம் போனேன்.

“உக்காருங்க ரோஹிணி. இதுல என்ன இருக்கு? ஏ-ன்னு மாத்திடுங்க.”

“திருத்தம்னு குறிப்புப் போட்டுடவா சார்? எப்போலேர்ந்து எப்போ வரைக்கும்னு?”

“வேண்டாம்மா. குறிப்புப் போட்டா அதை ஒருத்தர் பிரிண்ட் எடுப்பார். சைலண்டா மாத்திடுங்க. அந்தப் பொண்ணுக்கு நம்ம வழக்கமான பதிலை அனுப்பிடுங்க. எங்கள் தகவல்கள் பொது உபயோகத்துக்கு மட்டுமே, அது இது.”

“பழைய லாக் இருக்குமே சார்?”

“மாத்தினா புது என்ட்ரி மேல வந்துடும், அதுக்குக் கீழ இருக்கிறதை யாரும் போய்ப் பாக்கமாட்டாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். பதினெட்டு வருஷம் இருந்திருக்கீங்க.”

அவர் கெட்டவர் இல்லை. என் நல்லதுக்குத்தான் சொன்னார். நான் என் இடத்துக்கு வந்து, பி-யை ஏ என்று மாற்றி, என்டர் தட்டினேன். வழக்கமான பதிலையும் அனுப்பினேன். 2025 ஜூன் 19, வியாழக்கிழமை. இந்த முறை கையில் பஃப்ஸ் இல்லை.

6

மின்னஞ்சலின் அடியில் எப்சியின் ஃபோன் எண் இருந்தது. அதில் கூப்பிட்டு, நான் கதை எழுதுகிறவள், உங்கள் அப்பாவின் ஏணியைப் பற்றிக் கேள்விப்பட்டேன் என்று சொன்னேன். பொய் இல்லை. மூன்று கதைகள் அச்சில் வந்திருக்கின்றன. எங்கே வேலை பார்க்கிறேன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பல்லாவரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் பம்மல் போனேன். எதற்குப் போகிறாய் என்று வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டேன். கதைக்காக என்று சொல்லிக்கொண்டேன்.

லாசரஸின் மனைவி யூனிஸ் டீச்சர் சர்ச்சுக்குக் கட்டின புடவையை இன்னும் மாற்றவில்லை. எப்சி பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள்.

“வாம்மா, உக்காரு. ஃபேன் மெதுவாத்தான் சுத்தும். அவரு இருந்தா கழட்டிப் போட்டு நாலு நாள் கழிச்சு மாட்டுவாரு” என்று சிரித்தார். டீ போட்டுக் கொடுத்தார். ஹால் சுவரில் ஒரு செவ்வகம் மட்டும் வெளுக்காமல் இருந்தது.

நான் பார்த்ததை அவரும் பார்த்தார். “அங்கதான் மாட்டியிருந்தாரு. 2023-ல கழட்டிட்டாரு.”

“ஏன் டீச்சர்?”

“ஒரு ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டினாரும்மா. எந்த ஆபீஸ்னு போடாத, பாவம். இந்த ஏணியை நீங்களே வாங்கி வைங்க, இனிமே யாரும் சாகக் கூடாதுன்னு கேக்கத்தான் போனாரு. அந்த ஆளு கம்ப்யூட்டர்ல கவர்மென்ட் சைட்டைப் பாத்துட்டு, ‘இன்னாய்யா, டூப்ளிகேட் ரெடி பண்ணிக்கினு வந்துட்ட’ன்னு கேட்டுட்டாராம். நாலு பேர் இருந்தாங்களாம். ஒருத்தர் நம்ம சங்கத்து ஆளு.”

பேனரைச் சங்கத்தில் எப்போது அவிழ்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. சர்ச்சில் யாரும் நேராக எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் கஷ்டமாக இருந்தது என்றார் டீச்சர். லாசரஸ் பட்டறைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். அதற்கடுத்த பிப்ரவரியில் ஒரு காலையில், சட்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை.

“ஒரே கேள்விதாம்மா கேப்பாரு. சாப்பிடும்போது கேப்பாரு, கடைக்குப் போறப்ப கேப்பாரு. ‘நான் ஏமாத்தல யூனிஸ். அதுல பி-ன்னுதானே போட்டிருந்தான்? நீயும் பாத்த இல்ல?’ன்னு. பாத்தேங்கன்னு சொல்லுவேன். நான் பாத்ததுக்கு என்ன மதிப்பு? பொண்டாட்டி சொல்றது சாட்சியா?”

டீச்சர் பீரோவைத் திறந்து தாளை எடுத்துவந்தார். லேமினேட் செய்த தாள். ஓரத்தில் அச்செடுத்த தேதி, 2019 செப்டம்பர் 2. நடுவில் என் ‘பி’. ஆறு வருஷத்துக்குப் பிறகு அதை நேரில் பார்த்தேன்.

“எப்சி அந்தக் கம்பெனிக்கு மெயில் போட்டுச்சு. என்னமோ பதில் அனுப்பினாங்க, அதுல ஒண்ணுமே இல்லை. இப்ப நெட்ல பாத்தா ஏ-ன்னு கீதாம். அப்போ இந்தத் தாளு பொய்யின்னுதானே எல்லாரும் சொல்லுவாங்க? வக்கீல் ஒருத்தரைக் கேட்டோம். உரிமை போனது போனதுதான், இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாரு. போகட்டும். பேட்டன்ட் எனக்கு எதுக்கு? அவரு பொய் சொல்லலன்னு யாராவது ஒருத்தர் எழுதிக் குடுத்தா போதும்மா.”

நான் என்ன சொன்னேன் என்று நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும்.

“எழுதறேன் டீச்சர்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவர் அந்தத் தாளை ஒரு துணிப்பையில் போட்டு என் கையில் கொடுத்தார். “ஃபோட்டோ எடுத்துக்கிட்டு அப்புறமா குடு. கதையில படம் போடுவாங்க இல்ல?” அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்தேன். லாசரஸ் பொய் சொல்லவில்லை என்பதற்கு எங்கள் கணினிக்கு வெளியே உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆதாரம் அது. அதை நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பல்லாவரம் வரைக்கும் அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

7

முடிவுகள். இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: நான் மறுபடி பம்மல் போகிறேன். நான்தான் டீச்சர் என்கிறேன். டீச்சர் ஒரு கணம் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு —

[இதை நான் எழுதக் கூடாது. அவர் மன்னிப்பாரா மாட்டாரா என்று நான் எப்படி அவருக்காக முடிவு செய்யமுடியும்? வகை ஒட்டுகிற புத்தி இங்கேயும் வருகிறது.]

இரண்டாம் முடிவு: தாளைக் கூரியரில் திருப்பி அனுப்பிவிடுகிறேன். கதை அச்சில் வருகிறது. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

[இது நடக்கக் கூடிய முடிவு. அதனால்தான் பயமாக இருக்கிறது.]

டீச்சர் கேட்டது ஒரு வாக்கியம். அதை இங்கே எழுதிவிடுகிறேன், எந்த அலங்காரமும் இல்லாமல்.

2019 ஆகஸ்ட் 13 அன்று லாசரஸின் விண்ணப்பத்துக்கு ‘ஏ’ என்று போடவேண்டிய இடத்தில் ‘பி’ என்று போட்டவள் நான், ஊழியர் எண் 117. 2025 ஜூன் 19 வரை அது அப்படியே இருந்தது. அன்று சத்தமில்லாமல் மாற்றியவளும் நானே. அவர் வீட்டில் மாட்டியிருந்த தாள் உண்மையான தாள். அவர் யாரையும் ஏமாற்றவில்லை.

எழுதிவிட்டேன். எழுதினால் போதாது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? எந்தத் தாளானாலும் அது என்ன வகை என்று மேலே ஓர் எழுத்து வேண்டும். அதை வைத்துத்தான் உலகம் அதைப் படிக்கும்.

8

பத்திரிகைக்குப் படைப்புகளை இணையத்தில் ஒரு படிவம் வழியாக அனுப்பவேண்டும். பெயர், முகவரி, தொலைபேசி எண். பிறகு ‘வகை’ என்று ஒரு கட்டம். அதைத் தட்டினால் கதை, கட்டுரை, கவிதை, கடிதம் என்று நான்கு வரும். திருத்தம் என்று ஒன்று இல்லை.

கடிதம் என்று போட்டால் இது என் வாக்குமூலம். கீழே கையெழுத்து இருக்கும், டீச்சர் இதை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கும் சர்ச்சுக்கும் அந்த ஆபீசுக்கும் போகலாம். மறுநாள் கஸ்தூரிரங்கன் சார் என்னை மெதுவான குரலில் உள்ளே கூப்பிடுவார். பதினெட்டு வருஷம் அன்றோடு முடியும். கதை என்று போட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி வரும், கதைகளில் உள்ள பெயர்களும் சம்பவங்களும் கற்பனையே என்று. அப்போது 117 கற்பனை, ஏணி கற்பனை. லாசரஸ் பொய் சொல்லவில்லை என்பதும் கற்பனை.

டீச்சர் நேற்றுத்தான் ஃபோன் செய்தார். “எப்பம்மா வரும்? தாம்பரம் ஸ்டேஷன் கடையில கிடைக்குமா? பத்து புக்கா வாங்கணும், எல்லாருக்கும் குடுக்கணும்” என்றார். அடுத்த மாதம் வரும் டீச்சர் என்று சொன்னேன். தாள் இன்னும் என் மேஜையில் அந்தத் துணிப்பைக்குள்தான் இருக்கிறது.

இப்போது படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போன வருஷம் இதே பத்திரிகைக்கு ஒரு கதை அனுப்பியிருந்தேன். படிவத்துக்கு அது நினைவிருக்கிறது. பெயர், முகவரி, எண் எல்லாம் தானாகவே வந்து நின்றுவிட்டன. வகை என்ற கட்டத்திலும் போன தடவை போட்டது அப்படியே வந்து நிற்கிறது: கதை.

மாற்றவேண்டுமானால் மாற்றலாம். மாற்றாமல் என்டர் தட்டினால் அதுவே ஒட்டிக்கொள்ளும்.

முடிவை நான் எழுதப்போவதில்லை. இது உங்கள் கைக்கு வந்து சேரும்போது, பக்கத்தின் மேலே என்ன வகை என்று அச்சாகியிருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.